வயர் இல்லாத திருட்டு அலாரம் கிட்: நெல்லை வீட்டுக்கு ஒத்துவருமா?

ஆன்லைனில் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் விற்கிற வைஃபையிலும் சிம் கார்டிலும் (ஜிஎஸ்எம்) பேசுகிற அலாரம் கிட்டுகளைப் பற்றிய மதிப்பீடு இது. மேலே ஒட்டியிருக்கும் பெயர் பலவிதமாக இருக்கும். பெட்டியைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே வகைச் சரக்குதான்: சென்சார்கள் சொல்வதைக் கேட்கிற கையகல வெள்ளைப் பேனல் ஒன்று, கதவு சென்சார் ஐந்து, ஆள் நடமாட்டம் பார்க்கும் பிஐஆர் சென்சார் இரண்டு, சாவிக்கொத்தில் கோக்கிற ரிமோட் இரண்டு, வயரோடு ஒரு குட்டி சைரன், அடாப்டர், இரட்டைப் பக்க டேப். வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் கையேட்டுப் படத்தைப் பார்த்து அப்படியே மாட்டினால் பாதிக் காசு வீண். அந்தப் படம் ஒற்றைக் கதவும் அகலக் கண்ணாடி ஜன்னலும் உள்ள அடுக்குமாடி வீட்டுக்கு வரைந்தது. கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்து வீட்டுக்கும், பாளையங்கோட்டை மகாராஜநகர் தனி வீட்டுக்கும் திருடன் வருகிற வழியே வேறு.

ஜன்னலை விடுங்கள், மாடிக் கதவைப் பாருங்கள்

நம்ம பக்கம் ஜன்னல் என்றால் இரும்புக் கம்பியோடுதான் இருக்கும். கம்பியை அறுக்காமல் ஒருவன் உள்ளே வர முடியாது. அதனால் ‘கதவு, ஜன்னல் சென்சார்’ என்று எழுதி வருகிற ஐந்தையும் கதவுகளுக்கே வையுங்கள். முதல் சென்சார் மொட்டைமாடிக் கதவுக்கு. முன்வாசலில் கிரில் கேட், அதற்குமேல் பூட்டு, உள்ளே தேக்குக் கதவு என்று மூன்று காவல் போட்டிருப்பவர்களும் மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு தகரக் கதவையோ பிவிசி கதவையோ ஒற்றைத் தாழ்ப்பாளோடு விட்டிருப்பார்கள். பக்கத்து மாடியிலிருந்து தாண்டி வருகிறவனுக்கு அதுதான் தலைவாசல். இரண்டாவது சென்சார் புறவாசல் கதவுக்கு. மூன்றாவது, முற்றம் உள்ள வீடானால் அடுக்களையிலிருந்து முற்றத்துக்குத் திறக்கிற கதவுக்கு. முற்றம் மேலே திறந்து கிடந்தால் இது கட்டாயம். முன்கதவு நாலாவதுதான். ஐந்தாவதை நகையும் பத்திரமும் இருக்கிற அறையின் கதவில் வைக்கலாம்.

பீரோவிலேயே வைத்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். இரும்பு பீரோவின் மேல் நேராக ஒட்டினால் இரண்டு கெடுதல். காந்தத்தின் இழுப்பை இரும்பு வாங்கிக்கொள்ளும். அதனால் கதவு மூடியிருக்கும்போதே சென்சார் ‘திறந்திருக்கிறது’ என்று சொல்லும். உள்ளே இருக்கிற சின்ன ஏரியல் இரும்புத் தகட்டுக்கு மிக அருகே வந்துவிடுவதால் சிக்னல் தூரமும் குறையும். பீரோவுக்கு உள்ளே வைத்தால் சிக்னல் வெளியே வருவதே சந்தேகம். கட்டாயம் பீரோவுக்கு வேண்டுமென்றால் சென்சாருக்கும் காந்தத்துக்கும் அடியில் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் ஒட்டுப்பலகைத் துண்டு வைத்து வெளிப்பக்கம் ஒட்டுங்கள். கிரில் கேட்டுக்கும் கடை ஷட்டருக்கும் இதே கதைதான். ஷட்டருக்கென்றே கனமான உலோக உறையோடு தனி சென்சார் விற்கிறார்கள். கிட்டில் வருகிற வெள்ளை பிளாஸ்டிக் சென்சாரை ஷட்டரில் ஒட்டிப் பயனில்லை.

கதவு சென்சார் வேலை செய்கிற விதம் எளிது. ஒரு துண்டில் ரீட் சுவிட்ச், இன்னொரு துண்டில் காந்தம். காந்தம் அருகே இருக்கும்வரை சுவிட்ச் ஒரு நிலையில் நிற்கும். விலகினால் மாறும், உடனே சென்சார் தன் எண்ணைக் காற்றில் அனுப்பும். இரண்டு துண்டிலும் ஒரு கோடோ அம்புக்குறியோ இருக்கும்; அவை ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இடைவெளி பத்து மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். பதினைந்து வரை போகலாம் என்று கையேடு சொல்லும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு உப்பி, நிலையில் சரியாக உட்காராமல் நிற்கும்போது அந்த இடைவெளி தானாகக் கூடிவிடும். வெயில் காலத்தில் கச்சிதமாக வேலை செய்தது மழைக்காலத்தில் நடுராத்திரி கத்துவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஐந்து மில்லிமீட்டரில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஆடிக் காற்றில் கதவு தடதடவென்று ஆடும். அங்கே இடைவெளியைக் குறைப்பதோடு தாழ்ப்பாள் கொண்டியில் ஒரு ரப்பர் துண்டு வைத்து ஆட்டத்தையும் நிறுத்த வேண்டும்.

பழைய வீட்டு இரட்டைக் கதவுக்கு இரண்டு சென்சார் வேண்டும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். வேண்டாம். ஒரு கதவில் சென்சாரையும் மறுகதவில் காந்தத்தையும், இரண்டும் சேருகிற இடத்தின் உச்சியில் உள்பக்கமாக ஒட்டுங்கள். எந்தக் கதவு திறந்தாலும், இரண்டும் சேர்ந்து திறந்தாலும், இரண்டு துண்டும் விலகத்தான் செய்யும். சட்டம் வைத்து இழைத்த கதவானால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்காது. தாழ்ந்த பக்கத்தில் மரச்சக்கை வைத்து மட்டப்படுத்த வேண்டும். ஒற்றைக் கதவில் சென்சார் நிலையிலும் காந்தம் கதவிலும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தாலும் வேலை செய்யும். ஆனால் கதவை அடித்துச் சாத்தும்போதெல்லாம் அதிர்ச்சி பேட்டரிப் பிடிப்பில் விழுந்து சில மாதத்தில் பிடிப்பு தளரும்.

ஒட்டுகிற டேப் எண்ணெய் பூசிய தேக்கில் நிற்காது, சுண்ணாம்புச் சுவரிலும் நிற்காது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு இரண்டு தடவை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, டேப்பை வைத்து அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வார்னிஷ் கதவுக்கு இது போதும். எண்ணெய் ஊறிய பழைய கதவுக்கு அரை அங்குல ஸ்குரூதான் வழி. தேக்கில் நேரே முறுக்கினால் பிளாஸ்டிக் உறை வெடிக்கும். முதலில் இரண்டு மில்லிமீட்டர் துளை போட்டுக்கொள்ளுங்கள். சுவருக்கு ஆறு மில்லிமீட்டர் துளையும் ரால் பிளக்கும். செங்கல் சுண்ணாம்புச் சுவரானால் ஹேமர் டிரில்லில் அடிக்காமல் சாதாரணமாகச் சுற்றவிட்டாலே இறங்கிவிடும். அடித்தால் பூச்சு பொளபொளவென்று உதிர்ந்துவிடும்.

காந்த சென்சாருக்கு ஒரு குறை உண்டு. கதவு திறந்த பிறகுதான் அது பேசும். கடப்பாறையால் நெம்பும்போதே தெரிய வேண்டுமென்றால் புறவாசலுக்கு மட்டும் ஓர் அதிர்வு சென்சார் தனியாக வாங்கிப் போடுங்கள். அதன் திருகாணியைக் குறைந்த உணர்வில் வைத்து, கையால் ஓங்கித் தட்டினால்தான் பேசும்படி செய்துகொள்ளுங்கள்.

பிஐஆர்: வெயிலும் பல்லியும்

கிட்டில் அதிகம் திட்டு வாங்குவது பிஐஆர் சென்சார்தான். அதன்மேல் பாதி நியாயம்தான் உண்டு. அது எதையும் அனுப்பிப் பார்ப்பதில்லை. முன்னால் இருக்கிற வரிவரியான லென்ஸ் அறையைப் பல பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளும். சுற்றுப்புறத்தைவிட வேறான சூடு உள்ள ஒன்று ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது ஏற்படும் மாற்றம்தான் அதற்கு ஆள். மனிதத் தோலின் மேற்பரப்புச் சூடு ஏறக்குறைய 33, 34 டிகிரி. உடுத்தியிருக்கும் துணி அதற்கும் குறைவு. அக்கினி நட்சத்திரத்தில் பூட்டிக் கிடக்கிற வீட்டின் மாடி அறைச் சுவரும் அந்தக் கணக்குக்கு வந்து நிற்கும். அப்போது ஆள் குறுக்கே நடந்தாலும் சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது. வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று போட்டிருக்கிற மாடல்கள் கொஞ்சம் தேவலை. ஆனால் கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே இருக்கிற மாடி அறையைப் பகல் நேரத்தில் பிஐஆர் காக்கும் என்று நம்பக் கூடாது. அங்கே கதவு சென்சாரை நம்புங்கள். பிஐஆர் கீழ்த்தளத்துப் பட்டாசலுக்கும் (கூடத்துக்கும்) உள்நடைக்கும் உரியது. முன்பக்கத் தாழ்வாரமான தார்சாவில் வைத்தால் தெருவில் போகிற மாடும், முன்னால் வந்து படுக்கிற நாயும் சைரனை அடிக்கும்.

வைக்கிற உயரம் ஏழடி, அதாவது 2.1 மீட்டர். மச்சு உயரமாக இருக்கிறதே என்று பத்தடியில் வைத்தால் காலடியில் குருட்டு இடம் பெரிதாகிவிடும். சென்சாரை நோக்கி நேரே வருகிறவனைவிடக் குறுக்கே போகிறவனை அது சீக்கிரம் பிடிக்கும். ஆகையால் கதவுக்கு எதிர்ச் சுவரில் வைக்காமல் பக்கத்து மூலையில் வையுங்கள். எட்டு முதல் பத்து மீட்டர் தூரம் எடுக்கும், நம்ம பட்டாசலுக்கு அது தாராளம். முற்றத்து வெயில் நேராக விழுகிற சுவர், பிரிட்ஜின் முதுகுப்பக்கம், இன்வெர்ட்டர் வைத்த மூலை, ஏசிக் காற்று வீசுகிற திசை, பூஜை அலமாரிக்கு எதிர்ப்புறம், இதெல்லாம் ஆகாத இடங்கள். அணையாவிளக்கு ஏற்றி வைத்துவிட்டு வெளியூர் போகிற வீடுகளில் சுடரின் ஆட்டமே போதும்.

அடுத்தது பல்லி. லென்ஸ் மேல் ஏறுகிற பல்லிக்கும் சுற்றுப்புறத்துக்கும் சூட்டு வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் அத்தனை நெருக்கத்தில் அது பல பட்டைகளை ஒருசேர மறைக்கிறது. சென்சார் அதை ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் மாட்டினால் பூச்சியும் வரும், பூச்சியைப் பிடிக்கப் பல்லியும் வரும். விளக்கிலிருந்து ஆறடியாவது தள்ளி மாட்டுங்கள். எறும்பு உள்ளே போய்க் கூடு வைக்கும். பின்பக்கத்தில் இருக்கிற ஸ்குரூத் துளைகளையும் வயர்த் துளையையும் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுங்கள். லென்ஸின் மேல் மட்டும் எதுவும் படக் கூடாது.

‘பிஐஆர் வேலை செய்யவில்லை’ என்று திருப்பி அனுப்புவதில் பல, வேலை செய்கிற சரக்குதான். பேட்டரியை மிச்சப்படுத்த, ஒரு தடவை ஆளைக் கண்டு அனுப்பியதும் அது உறங்கப் போய்விடும். மூன்று நிமிஷம்போல எதிரே ஒருவரும் அசையாமல் இருந்தால்தான் மறுபடி கண் திறக்கும். மாட்டிவிட்டு முன்னும் பின்னும் நடந்து பார்க்கிறவருக்கு முதல் தடவை விளக்கு எரியும், அப்புறம் எரியாது. உள்ளே ஒரு சின்ன ஜம்பரோ சுவிட்சோ இருக்கும். அதைச் சோதனை நிலையில் வைத்து நடந்து பாருங்கள், ஒவ்வொரு தடவையும் விளக்கு எரியும். முடிந்ததும் மறக்காமல் பழைய நிலைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பேட்டரி சில வாரத்தில் தீர்ந்துவிடும். பேட்டரி போட்டவுடன் ஒரு நிமிஷம் அதைச் சும்மா விட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் மேஜை, பிறகு சுவர்

சுவரில் ஒன்றையும் மாட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி இணைத்துவிடுங்கள். பேனலில் ‘சென்சார் சேர்’ என்ற இடத்துக்குப் போய், சென்சாரைத் தூண்ட வேண்டும்; கதவு சென்சாரானால் காந்தத்தை விலக்கினால் போதும். பேனல் ‘பீப்’ என்றால் சேர்ந்தது. சேர்ந்த உடனேயே ‘மாடிக் கதவு’, ‘புறவாசல்’ என்று பெயர் கொடுத்து, சென்சாரின் முதுகிலும் பேனாவால் எழுதிவிடுங்கள். கதவு சென்சார் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பிறகு தேடி அலைய வேண்டிவரும். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு செய்தியைப் பார்க்கும்போது ‘மண்டலம் 03’ என்று வந்தால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

பேனல் வீட்டின் நடுவில், முன்வாசலிலிருந்து கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்க வேண்டும். ரூட்டர், டிவி, இன்வெர்ட்டர் மூன்றிலிருந்தும் மூன்றடி தள்ளி. இரும்பு அலமாரிக்குள் கூடாது. அட்டையில் எண்பது மீட்டர், நூறு மீட்டர் என்று போட்டிருப்பது தடையில்லாத வெட்டவெளிக் கணக்கு. ஒன்றரை அடி கனச் சுவர் மூன்று குறுக்கே வந்தால் அதில் கால்வாசியாவது மிஞ்சினால் பெரிது. டவுன் ரதவீதிப் பக்கத்துப் பழைய வீடுகள் குறுகலாக நீண்டு கிடக்கும். முன்கட்டில் பேனல், மூன்றாங்கட்டில் சென்சார் என்றால் சிக்னல் வந்தும் வராமலும் போக்குக் காட்டும். இதற்கு ஊகம் வேண்டாம். சென்சாரை மாட்டப்போகிற இடத்தில் கையில் பிடித்துக்கொண்டு காந்தத்தைப் பத்துத் தடவை விலக்கிச் சேருங்கள், இன்னொருவர் பேனல் பக்கத்தில் நின்று எண்ணட்டும். பத்துக்குப் பத்து வந்தால் மாட்டுங்கள். எட்டு வந்தால் பேனலை நகர்த்துங்கள்.

வைஃபை இணைப்பில் சிக்கல் வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். இந்தப் பேனல்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். புதிய ஃபைபர் ரூட்டர்கள் 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்திருக்கும். போன் ஐந்தில் நிற்கும், பேனல் தேடிக்கொண்டே இருக்கும். ரூட்டர் அமைப்பில் 5-ஐச் சிறிது நேரம் நிறுத்தி, பாதுகாப்பை டபிள்யூபிஏ2-இல் வைத்து, போனில் லொகேஷனை ஆன் செய்து இணைத்துவிட்டு, மறுபடி 5-ஐத் திறந்துகொள்ளலாம். ஆப் இணைந்ததும் போனின் பேட்டரி அமைப்புக்குப் போய் அந்த ஆப்பை ‘கட்டுப்பாடு இல்லை’ என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் போன் அதைத் தூங்கவைத்துவிடும். அலாரம் அடித்த செய்தி காலையில் போனைத் திறக்கும்போதுதான் வரும்.

சிம் கார்டு: பணம் வீணாகிற இடம்

இந்தக் கிட்டுகளை வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது சிம் விஷயத்தில்தான். விலை குறைந்த பேனல்களில் உள்ள மோடம் 2ஜி. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. ஆகவே வீட்டில் சும்மா கிடக்கிற ஜியோ சிம்மை எடுத்துப் போட்டால் ‘நெட்வொர்க் இல்லை’ என்றுதான் நிற்கும். 2ஜி பேனல் என்றால் ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் மூன்றில் உங்கள் தெருவில் எது எடுக்கிறதோ அது. ‘4ஜி’ என்று போட்ட பேனல் கொஞ்சம் விலை கூடும். அதிலும் வோல்ட்டி (4ஜி வழியாகவே பேச்சு போகிற வசதி) உண்டா என்று பார்க்க வேண்டும். ஜியோவில் பேச்சு முழுக்க வோல்ட்டியில்தான் போகும். வோல்ட்டி இல்லாத 4ஜி பேனலில் ஜியோ போட்டால் இணையம் வரும், போன் அழைப்பு போகாது. நமக்கு வேண்டியதோ அழைப்புதான்.

சிம்மைப் பேனலில் போடுவதற்கு முன் ஒரு போனில் போட்டு, சிம்முக்கு ரகசிய எண் பூட்டு (பின் லாக்) இருந்தால் எடுத்துவிட்டு, ஒரு அழைப்பும் ஒரு எஸ்எம்எஸ்ஸும் செய்து பாருங்கள். பேனலின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் சிம்மைச் செருக வேண்டும். ரீசார்ஜ் காலம் முடிந்த சிம்மில் அழைப்பு வெளியே போகாது, பேனலும் அதை உங்களிடம் சொல்லாது. இணையம் இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள நீண்ட நாள் பேக்குகள் 2025 தொடக்கத்திலிருந்து கிடைக்கின்றன. அதில் ஒன்றைப் போட்டு, முடிகிற தேதியை பேனலின் பின்புறம் ஒட்டிவைக்கலாம்.

வைஃபை இருக்கும்போது சிம் எதற்கு என்பார்கள். கரண்ட் போனால் ரூட்டரும் போகும். பேனலுக்குள் இருக்கிற லித்தியம் பேட்டரி எட்டு மணி நேரம் நிற்கும் என்று அட்டையில் இருக்கும். வைஃபையைத் தேடிக்கொண்டே இருந்தாலோ, சைரன் அடித்தாலோ அவ்வளவு நிற்காது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளுக்கு அது போதும். ரூட்டரையும் அதன் ஃபைபர்ப் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள், அல்லது பன்னிரண்டு வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் சேர்ந்தே போன ஊர்கள் தாமிரபரணிக் கரையில் உண்டு. அப்படிப்பட்ட நாளில் இந்தக் கிட்டில் மிஞ்சுவது சைரன் சத்தம் மட்டும்தான். அதனால்தான் சைரனில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கூட வருகிற குட்டி சைரன் ஒரு மீட்டர் வயரில் பேனலோடு தொங்கும். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் பேனலையும் சேர்த்து உடைப்பான். வயர்லெஸ் வெளிச் சைரன் ஒன்று தனியாக வாங்கி, முன்பக்கச் சன்ஷேடுக்கு அடியில், ஏணி இல்லாமல் கை எட்டாத உயரத்தில், தெருவைப் பார்த்து மாட்டுங்கள். குட்டியை உள்ளேயே விடுங்கள். இரண்டும் சேர்ந்து அடித்தால் உள்ளே நிற்பவனுக்குப் பேனல் எந்தப் பக்கம் என்று திசை தெரியாது. சத்த நேரத்தை மூன்று நிமிஷத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஊரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வீணாக எழுப்பினால் மூன்றாவது தடவை ஒருவரும் வர மாட்டார்கள்.

நேரம், எண்கள், ராத்திரி

வெளியே போகும்போது போட்டுவிட்டுக் கதவைப் பூட்ட அறுபது விநாடி, திரும்பி வந்து அணைக்க முப்பது விநாடி. இந்தத் தாமதத்தை முன்கதவுக்கு மட்டும் கொடுங்கள். மாடிக் கதவும் புறவாசலும் திறந்த அந்த நொடியே அடிக்க வேண்டும். அந்த வழியாக வீட்டுக்காரர் வரப் போவதில்லை. ராத்திரிக்கு ‘ஹோம்’ என்ற நிலை இருக்கிறது. அதில் கதவுகள் விழித்திருக்கும், பிஐஆர் உறங்கும். ஆனால் ஒவ்வொரு பிஐஆருக்கும் ‘ஹோம் நிலையில் வேண்டாம்’ என்று நாமே குறித்துவைத்தால்தான் அப்படி. குறிக்காமல் விட்டால், ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிற பெரியவர்கள் சைரனைக் கேட்டுத் துணுக்குறுவார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அலாரத்தை ராத்திரி போடவே மாட்டார்கள்.

வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் ரிமோட்டில் அவசரத்துக்கு அழுத்துகிற எஸ்ஓஎஸ் பொத்தான் திருட்டைவிட அதிகம் பயன்படும். அலாரம் போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எப்போதும் வேலை செய்யும். கழுத்தில் போட விரும்பாதவர்களுக்கு, சுவரில் ஒட்டுகிற பொத்தானைக் குளியலறையில், கீழே விழுந்து கிடந்தாலும் எட்டும்படி தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒட்டலாம். தண்ணீர் தெறிக்காத பக்கமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனலில் ஐந்தாறு போன் எண்கள் போடலாம். வரிசைப்படிதான் அது அழைக்கும். முதல் எண் வெளிநாட்டு மகனுடையதாக இருக்கக் கூடாது. நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறவர்தான் முதலில். எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லி, பேனலின் சிம் எண்ணை அவர் போனில் ‘இன்ன வீட்டு அலாரம்’ என்று பதிந்து, ராத்திரி சைலன்ட்டில் இருந்தாலும் அந்த எண் மட்டும் ஒலிக்கும்படி செய்து கொடுங்கள். அழைப்பு வந்தால் அவர் தனியாக உள்ளே நுழைய வேண்டாம், தன் வீட்டு விளக்கைப் போட்டுவிட்டு 100-க்கோ 112-க்கோ பேசினால் போதும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இந்த வகைக் கிட்டுகள் தாமாகக் காவல்துறைக்குச் சொல்வதில்லை, மாதக் கட்டணமும் இல்லை. நீண்ட நாள் வெளியூர் போகிறீர்கள் என்றால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம்போல வேண்டும்.

வாங்கிய அன்றே பேனலின் ரகசிய எண்ணை மாற்றிவிடுங்கள். 1234 என்று எல்லாப் பெட்டியிலும் ஒன்றே வரும், எல்லோருக்கும் அது தெரியும். ரிமோட் தொலைந்தால் புதிதாக வாங்குவது பிறகு. முதலில் பழையதைப் பேனலிலிருந்து நீக்க வேண்டும்.

பேட்டரி அல்கலைன் மட்டும்தான். கடையில் மலிவாகக் கிடைக்கிற சாதாரணக் கார்பன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஒழுகவும் செய்யும். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்டில் நிற்பதால் சில சென்சார்கள் அதைக் ‘குறைந்த பேட்டரி’ என்றே எடுத்துக்கொள்ளும். ஆயுத பூஜை அன்று எல்லாச் சென்சாருக்கும் ஒருசேர மாற்றுவதாக வைத்துக்கொண்டால் தேதி மறக்காது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடியும் வேலை முடிந்துவிடும். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்று பேட்டரிப் பிடிப்பைப் பச்சை பிடிக்க வைக்கும். அங்கே நாலு மாதத்துக்கு ஒரு தடவை உறையைத் திறந்து பார்த்து, பிடிப்பைத் துடைத்து, விரல் நுனியில் வாசலின் தொட்டுத் தடவுங்கள்.

எதற்கு இது போதாது

விலைக்கேற்ற குறைகள் உண்டு. இந்தச் சென்சார்கள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் ஒருவழியாகப் பேசுகிறவை. சென்சார் சொல்லும், பேனல் கேட்கும். கேட்டதா என்று சென்சாருக்குத் தெரியாது, சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பேனலுக்கும் தெரியாது. பேட்டரி செத்துப்போன சென்சார் செத்தே கிடக்கும். விலை குறைந்தவற்றில் ரிமோட்டின் குறியீடு ஒவ்வொரு தடவையும் ஒன்றேதான். அதைப் பிடித்து வைத்துத் திரும்ப அனுப்புகிற கருவியோடு ஒருவன் வந்தால் அலாரத்தை அவனே அணைக்கலாம். கடப்பாறையோடு வருகிற சாதாரணத் திருடன் இதற்கெல்லாம் மெனக்கெட மாட்டான். நகைக்கடை, அடகுக்கடை, ரொக்கம் புரளும் மொத்தக் கடை வைத்திருப்பவர்கள் இந்தக் கிட்டை வாங்கக் கூடாது. இருவழியாகப் பேசி, குறியாக்கம் செய்து, சென்சார் மௌனமானால் தானாகச் சொல்கிற அஜாக்ஸ், ஹிக்விஷன் ஏஎக்ஸ் ப்ரோ போன்றவை அவர்களுக்குரியவை. செலவு பல மடங்கு ஆகும்.

அமெரிக்காவிலிருந்து மருமகன் கொண்டுவருகிற கிட்டும் இங்கே ஒத்துவராது. அங்கே 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்கிற பல சென்சார்கள் இங்கே செல்போன்கள் பேசுகிற அலைவரிசைக்குள் வந்து விழும். இந்தியாவில் அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட கருவிகளுக்கு உரிமம் இல்லாமல் திறந்துவிட்டிருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. அங்கத்திய மாதச் சந்தாக் கண்காணிப்பும் இங்கே எடுபடாது.

கிட் வாங்கும்போது ஐந்து கதவு சென்சாரோடு நிறுத்தாமல், மூன்றைக் கூடுதலாக அப்போதே சேர்த்து வாங்குங்கள். ஒன்று ஐநூறு ரூபாய்ச் சொச்சம் வரும். ஒரு வருஷம் கழித்துத் தேடினால் அதே குறியீட்டில் பேசுகிற சென்சார் கிடைக்காமல் போகலாம். கூடுதல் பிஐஆருக்கு அந்தக் காசைப் போட வேண்டாம். ஆன்லைனில் திருப்பி அனுப்பும் காலம் ஏழு நாளோ பத்து நாளோதான். அதற்குள் சென்சார், சைரன், அழைப்பு, கரண்ட் நிறுத்திய பின் பேட்டரி என நாலையும் பார்த்துவிட வேண்டும். அதுவரை டேப்பின் தாளை உரிக்காதீர்கள், ஒட்டிய சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தகராறு செய்வார்கள். செல்லோடேப்பால் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்தாலே போதும். வண்ணாரப்பேட்டையிலோ ஜங்ஷனிலோ கடையில் நேரில் வாங்கினால் உங்கள் சிம்மைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே பேனலில் போட்டு ஓர் அழைப்பு வரவைத்துப் பாருங்கள். பில்லில் ‘அலாரம் கிட்’ என்று மொட்டையாக எழுதவிடாமல் மாடல் எண்ணையும், 2ஜியா 4ஜியா என்பதையும் எழுதி வாங்குங்கள்.